ஸ்லோடைவ் குழுவின் பதிவுகளுடன் பதினைந்து ஆண்டுகள்

ஸ்லோடைவ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘சுவ்லாக்கி’ ஆல்பத்தை முதன்முதலில் கேட்டபோது பதிவிலேயே ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பாடல் வரிகளுக்கு முதலிடம் தரும் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பாடுபவரின் குரல் கிட்டார் ஒலியில் முக்கால்வாசி முழுகிக் கிடப்பது புதிது. இயர்ஃபோனை மாற்றிப் பார்த்தேன், வேறு எம்பி3 கோப்பையும் தேடினேன். குரலையும் ஒரு வாத்தியமாகவே வைத்து இக்குழு பதிவுசெய்கிறது என்பது விளங்கச் சில வாரங்கள் ஆயின.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் சிறுவயது முதல் நண்பர்களான நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் கோஸ்வெல் இருவரும் 1989இல் தொடங்கிய குழு இது. கிரியேஷன் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘ஜஸ்ட் ஃபார் எ டே’ (1991) அழகானதுதான் என்றாலும், நான் அதை எடுத்துக் கேட்பது அரிது. 1993இல் வந்த ‘சுவ்லாக்கி’ அப்படியல்ல. அதற்குள் ஹால்ஸ்டெட், கோஸ்வெல் இருவரின் காதல் முறிந்திருந்தது. ஆயினும் ஒரே குழுவில் நின்று, முறிவின் வலியைச் சொல்லும் பாட்டுகளை இருவரும் சேர்ந்தே பாடினார்கள். ஆம்பியன்ட் இசையின் முன்னோடியான பிரையன் ஈனோ இரண்டு பாட்டுகளில் பங்களித்தார். ‘வென் தி சன் ஹிட்ஸ்’ பாட்டை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பல்லவியில் வெறும் இரைச்சலே மிஞ்சும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்கும்போதுதான் அந்த இரைச்சல் பல கிட்டார்களாகப் பிரிந்து, அவற்றின் அடியில் பேஸ் கிட்டார் நிதானமாக நடந்துசெல்வது தெரிகிறது. இறுதிப் பாட்டான ‘டாகர்’ அகூஸ்டிக் கிட்டாரும் தணிந்த குரலும் மட்டுமே போலத் தொடங்குவதால், அவ்வளவு பெரிய ஒலிக்குப் பின் அது நெஞ்சைப் பிசைகிறது.

அன்றைய பிரிட்டிஷ் இசை வார இதழ்கள் இந்த ஆல்பத்தைக் கடுமையாகத் தாக்கின; வாசகர்களின் கவனமோ பிரிட்பாப் என்ற, மெட்டுக்கு முதலிடம் தரும் பிரிட்டிஷ் ராக் வகையின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த மதிப்புரைகளின் அவசரம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது, ஏனெனில் ஒருமுறை கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடிய இசை இதுவல்ல.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நான் அதிகம் கேட்டது 1995இல் வந்த ‘பிக்மேலியன்’ ஆல்பத்தைத்தான். நிறுவனம் பாப் பாட்டுகளை எதிர்பார்த்த நேரத்தில், ஹால்ஸ்டெட் ஏறக்குறைய எல்லாவற்றையும் களைந்துவிட்டு, சுழன்று சுழன்று வரும் சிறு ஒலித்துண்டுகளைக் கொண்டு இதை அமைத்தார். முதல் பாட்டான ‘ரட்டி’ பத்து நிமிடம் ஓடுகிறது. ஒரு கிட்டார் ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் வெளியைக் கேட்கப் பழகிக்கொண்டால், டிரம்ஸ் மெல்ல நுழையும் கணம் அத்தனை பெரிய நிகழ்வாக மாறுகிறது. இரவில், குறைந்த ஒலியில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்க வேண்டிய பதிவு இது. ஆல்பம் வெளியான சில நாட்களிலேயே நிறுவனம் குழுவைக் கைவிட்டது. ஹால்ஸ்டெட்டும் கோஸ்வெல்லும் ‘மொஹாவி 3’ என்ற குழுவாகத் தொடர்ந்தார்கள்.

நான் கேட்கத் தொடங்கிய காலத்தில் ஸ்லோடைவ் முடிந்துபோன கதை. அதனால் 2014இல் அவர்கள் மீண்டும் மேடை ஏறியதை என்னால் எளிதில் நம்ப முடியவில்லை. 2017இல், இருபத்திரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம் வந்தது. 2023இல் வந்த ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’, கோஸ்வெல்லின் தாய்க்கும் டிரம்ஸ் கலைஞர் சைமன் ஸ்காட்டின் தந்தைக்கும் காணிக்கையாக்கப்பட்டது. இருவரும் 2020இல் மறைந்தவர்கள். அதில் ‘கிஸஸ்’ எனக்கு ஒட்டவில்லை. முதல் பாட்டான ‘ஷாண்டி’ போதும்.

ஆனால் இப்போதும் நான் திரும்பிப் போவது 2017 ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ஃபாலிங் ஆஷஸ்’ என்பதற்குத்தான். பியானோவில் ஒரு சிறு சுருதிக்கோவை மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மேல், ‘சுவ்லாக்கி’யில் நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடிய அதே இரண்டு குரல்களும், எந்த மறைப்பும் இல்லாமல் சேர்ந்து பாடுகின்றன.