கியர் ஆயில் மாற்றியதாக பில் போட்டார்கள். டிரெய்ன் போல்ட்டைத் தொடக்கூட இல்லை

காருக்கு கியர் ஆயில் மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஈரோட்டில் ஓரளவு பெயர் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் காருக்கு கியர் ஆயில் மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். மாற்றவே இல்லை. மட்டமான ஆயில் ஊற்றினார்கள், அளவு குறைத்தார்கள் என்பது கூட இல்லை. பழைய ஆயிலை வடிக்கக் கீழே இருக்கும் டிரெய்ன் போல்ட்டில் ஸ்பேனரே படவில்லை.

என்னுடையது ஐந்து கியர் உள்ள சின்ன பெட்ரோல் கார். காலையில் வண்டி எடுத்ததும் இரண்டாவது கியர் விழ மறுத்தது. பைபாஸில் ஐந்தாவது கியரில் போகும்போது மெல்லிய ஊளைச் சத்தம். இதைச் சொன்னதும் "ஆயில் கெட்டுப்போயிருக்கும் சார், மாத்தினா சரியாயிடும்" என்றார்கள். நியாயமான பதில்தான். மாலையில் பில் வந்தது: கியர் ஆயில் இரண்டரை லிட்டர் 1,625 ரூபாய், லேபர் 600, கியர்பாக்ஸ் ஃப்ளஷ் (உள்ளே கழுவி எடுப்பது) 900. வரி சேர்த்து 3,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

மறுநாள் காலையிலும் அதே இழுபறி, அதே ஊளை. கேட்டதற்கு, புது ஆயில் செட் ஆக வண்டி கொஞ்சம் ஓட வேண்டும் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனபோது பேச்சு மாறியது. "கிளட்ச் பிளேட் போயிருக்கும் சார், கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்" என்று 12,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். கிளட்ச் தேய்ந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் இரையும், வண்டி அதற்கேற்ற வேகம் பிடிக்காது. என் வண்டியில் அந்த அறிகுறியே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பெருந்துறையில் லாரி ஷெட் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கிளட்ச் கெடக்கட்டும் கண்ணு, மொதல்ல உள்ள ஆயில் இருக்குதான்னு பார்த்தியா?"

ஷெட்டில் குழி இருப்பதால் ஜாக்கி வேலை இல்லை. வண்டி சமமாக நின்றது. கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. டிரெய்ன் போல்ட்டின் தலையில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்தபிறகுதான் ஸ்பேனர் உட்கார்ந்தது. மேலே ஆயில் ஊற்றும் போல்ட்டும் அப்படியே, சுற்றிலும் துரு வேறு. கை வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதலில் கழற்ற வேண்டியது ஊற்றும் போல்ட்டைத்தான், டிரெய்ன் போல்ட்டை அல்ல. ஆயிலை வடித்த பிறகு ஊற்றும் போல்ட் இறுகிப்போய் வராவிட்டால், காலி கியர்பாக்ஸோடு வண்டியை அசைக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான். எங்களுக்கும் அந்த போல்ட் லேசில் வரவில்லை. துரு எடுக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, நீளமான கைப்பிடி போட்டுத்தான் அசைத்தோம்.

பெரும்பாலான மேனுவல் கியர்பாக்ஸில் இந்த ஓட்டைதான் ஆயில் மட்டத்தைப் பார்க்கும் இடமும். வண்டி சமமாக நிற்கும்போது ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்தேன், ஈரமே படவில்லை. வடித்துப் பாட்டிலில் அளந்தபோது ஒரு லிட்டரை ஒட்டித்தான் இருந்தது. கையேட்டில் இரண்டு லிட்டருக்கும் மேல் என்று போட்டிருக்கிறது. வடிந்து வந்ததோ கறுத்து, கருகிய வாசனையோடு இருந்த பழைய ஆயில்.

குறைந்த ஆயில் எங்கே போனது என்று தேடினால், இடது பக்க ஆக்ஸில் உள்ளே நுழையும் இடத்தில் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. சில நூறு ரூபாய் சாமான். அந்த ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டைத் திறந்திருந்தால் ஆயில் பாதிதான் இருக்கிறது, எங்கோ ஒழுகுகிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். காசை ஏமாற்றியதைவிட எனக்கு ஆறாத விஷயம் இதுதான். இந்த மாதிரி முன்சக்கர டிரைவ் கார்கள் பலவற்றில் ஐந்தாவது கியர், கியர்பாக்ஸின் ஓரத்தில் தனியாக இருக்கும். மட்டம் இறங்கினால் ஆயில் எட்டாமல் முதலில் காய்வது பெரும்பாலும் அதுதான். புது ஆயில் என்ற நம்பிக்கையில் பைபாஸில் குடும்பத்தோடு போய் வந்துகொண்டிருந்தேன். கியர்பாக்ஸ் நடுரோட்டில் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

டிரெய்ன் போல்ட்டின் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை தடிமனாக ஒட்டியிருந்தது. அந்தப் பசை எல்லா வண்டியிலும் இருக்கும். விரலில் தேய்த்தால் இரும்புத் துண்டு தட்டுப்படுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நல்லவேளை, துண்டு எதுவும் இல்லை.

அப்புறம் ஆயில் வாங்கப் போன கடையிலும் ஒரு கூத்து. என் கார் கையேடு கேட்பது ஜிஎல்-4 தரம். கடைக்காரர் ஜிஎல்-5 டப்பாவை எடுத்து வைத்து, "நம்பர் கூடுதல்னா தரமும் கூடுதல் சார்" என்றார். அப்படி இல்லை. பல்லும் பல்லும் கடுமையாக வழுக்கி உரசும் பின் ஆக்ஸில் கியர்களுக்காக வந்தது ஜிஎல்-5. அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் அதில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ ரிங்குகள் பல வண்டிகளில் பித்தளை வகை. அந்தச் சேர்மானங்களில் சில, பித்தளையை அரிக்கக்கூடியவை. அரிக்காத ரகமாக இருந்தாலும், ரிங் பிடிப்பதற்கு வேண்டிய உராய்வு கிடைக்காமல் கியர் கரகரக்கலாம். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) கேட்கும் மேனுவல் கியர்பாக்ஸ்களும் உண்டு, ஹோண்டாவுக்குத் தனி எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்) உண்டு. ஆகவே கடைக்காரர் சொல்வதையோ மெக்கானிக் சொல்வதையோ எடுத்துக்கொள்ளாதீர்கள், கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். என் பில்லில் "கியர் ஆயில்" என்று மட்டும்தான் இருந்தது. தரமும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை.

ஃப்ளஷ் கட்டணம் 900 ரூபாயும் வீண்தான். சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலைச் சூட்டோடு வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் வேலை முடிந்தது. இனி இந்த வரியைப் பில்லில் கண்டால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

சீலை மாற்றி, ஓட்டையில் வழியும் வரை ஜிஎல்-4 ஊற்றி மூடினோம். கியர்பாக்ஸின் கூடு அலுமினியம் என்பதால் போல்ட்டை மூர்க்கமாக முறுக்கினால் மரை போய்விடும், கையேட்டில் உள்ள அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். இரண்டாவது கியர் இப்போது ஒழுங்காக விழுகிறது. ஐந்தாவது கியரின் ஊளை குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. பேரிங் தேய்ந்திருக்கும் என்கிறார் சித்தப்பா.

வீடியோவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் "பையன் தப்பா பில் போட்டுட்டான் சார்" என்றார் உரிமையாளர். பிறகு, மேல் ஓட்டை வழியாகப் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம், அதனால்தான் கீழ் போல்ட்டில் மண் இருக்கிறது என்றார். மேல் போல்ட்டிலும் துரு இருக்கிறதே, இரண்டரை லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் கறுப்பு ஆயில் எப்படி வரும் என்று கேட்டதும் குரல் உயர்ந்தது. பணம் திரும்பி வரவில்லை.

எஞ்சின் ஆயிலுக்கு அளவு பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) இருக்கிறது, நாமே பானெட்டைத் திறந்து பார்த்துவிடலாம். மேனுவல் கியர்பாக்ஸ் பலவற்றில் அது கிடையாது. மறுபடி திறக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்ற தைரியம்தான் இவர்களுக்கு. வண்டியை விடும் முன் இரண்டு போல்ட்டிலும், போல்ட் தலையிலிருந்து கூடு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து போட்டோ எடுத்துவிடுங்கள். திறந்தால் கோடு உடைந்துவிடும். வடித்த ஆயிலையும் காலி டப்பாவையும் கேளுங்கள். பழைய ஆயிலைக் காட்ட ஒரு நல்ல மெக்கானிக்குக்கு எந்தத் தயக்கமும் இருக்காது. வீட்டிலேயே மாற்றினால் வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு, பயன்படுத்திய ஆயிலை முறையாகச் சேகரிப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது, அதனால் பில்லுக்குப் பதிலாகக் கையால் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எங்கேயாவது சமீபத்தில் கியர் ஆயில் மாற்றியிருந்து இரண்டாவது கியர் இன்னும் முரண்டு பிடித்தால், வண்டியைக் குழியில் ஏற்றி அந்த இரண்டு போல்ட்டையும் பாருங்கள். மண் இறுகியிருந்தால் துடைப்பதற்கு முன் வீடியோ எடுங்கள்.