சரயேவோவில் 10 வார போஸ்னிய மொழி வகுப்பு: என் அனுபவம்

கணவருக்கு இங்கே வேலை என்பதால் போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. விலை கேட்பதைத் தாண்டி நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டு இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். ‘மாரியின் த்வோர்’ என்ற டிராம் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை. மொத்தமே ஆறு பேர்.

எட்டாவது வாரம் நிபந்தனை வாக்கியம். அந்த ஒரு பாடத்துக்கே கொடுத்த பணம் சரியாகிவிட்டது. நமக்கு ஒரு ‘ஆல்’ போதும். “லீவு கிடைத்தால் ஊருக்குப் போவேன்” என்றால் அது திட்டமா, ஏக்கமா என்று கேட்பவர் புரிந்துகொள்வார். போஸ்னியனில் வாயைத் திறக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். டீச்சர் மேஜையில் மூன்று சீட்டு வைத்தார். நடக்கக்கூடியதற்கு ‘ஆகோ’. கற்பனைக்கு ‘காத்’, கூடவே ‘பிஹ்’: “காத் பிஹ் இமாலா ஆவுதோ, இஷ்லா பிஹ் உ மோஸ்தார்”, கார் இருந்தால் மோஸ்தார் நகருக்குப் போவேன். கைநழுவிப் போனதற்கு ‘தா’: “தா சாம் ஸ்னாலா, தோஷ்லா பிஹ்”, தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.

என் முறை வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போவதைச் சொல்ல நினைத்தேன். எந்தச் சீட்டை எடுப்பது? கை அந்தரத்திலேயே நின்றது. “லீவு கேட்டாச்சா?” என்றார் டீச்சர். கேட்டாச்சு, பதில் வரவில்லை என்றேன். “அப்படியானால் ஆகோ” என்று சீட்டைக் கையில் கொடுத்தார். மனசுக்கு அவ்வளவு தெம்பாக இருந்தது.

‘பிஹ்’ என்பதன் கடைசி ஒலியை ‘அஃது’ ஆய்தம்போல லேசாக விடச் சொன்னார். தெருவில் பலர் எல்லோருக்கும் ‘பி’ என்றே சொல்வார்கள், காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம், எழுதும்போது மட்டும் ஆளுக்கு ஏற்ப பிஹ் (நான்), பி (நீ, அவன், அவள், அவர்கள்), பிஸ்மோ (நாங்கள்), பிஸ்தே (நீங்கள்) என்று பிரித்து எழுதுங்கள் என்றும் சொன்னார். இப்படி இரண்டையும் சொல்லித் தருபவர்கள் குறைவு.

ஒரு பெரிய குறை. வீட்டில் கேட்கத் தரும் ஒலிப்பதிவு முழுக்க ஆண் குரல். ‘வந்தேன்’ என்று நாம் சொல்வதில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது, இங்கே உண்டு. பதிவைக் கேட்டே பழகி, காபிக் கடையில் “ஹ்தியோ பிஹ் காஃபு” (காபி வேண்டும்) என்று ஆண் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைப் பாட்டி என் கையைத் தொட்டு, “ஹ்த்யேலா பிஹ், கண்ணு” என்கிற மாதிரி திருத்தினார். வகுப்பில் சொன்னேன், 10 வாரம் முடிந்தும் பதிவு மாறவில்லை. பெண்கள் சேர்ந்தால் முதல் நாளே, பெண் சொல்லும் வடிவத்தில் பதிவு செய்து தரச் சொல்லி டீச்சரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருகிறார்.