மெமரி கேப்சூல்: பேரு ஞாபகம் வந்துச்சா இல்லையா?

அம்பத்தஞ்ச தாண்டிட்டா நிறைய பேருக்கு இருக்குற தொல்லைதான், ஆளு மூஞ்சி தெரியும், எந்த ஊரு, யாரு கல்யாணத்துல பார்த்தோம், என்ன வம்பு பேசினோம் எல்லாம் தெரியும், பேரு மட்டும் தொண்டையிலயே நிக்கும். அதுக்குத்தான் மெடிக்கல்ல ஞாபக சக்திக்குன்னு விக்கிற மூலிகை கேப்சூல வாங்கி பாட்டில் காலியாகுற வரைக்கும் போட்டேன். கம்பெனி பேரு போடல, இந்த வகையில எல்லாரும் ஏறக்குறைய இதையேதான் விக்குறாங்க.

லேபிள்ல முன்னாடி பெருசா பிரம்மின்னு இருந்தா உடனே வாங்கிடாதீங்க, பின்னாடி திருப்பி சின்ன எழுத்தப் படிங்க. வல்லாரை (சென்டெல்லா ஏசியாட்டிகா) வேற, நீர்ப்பிரமி (பகோபா மோனியரி) வேற செடி, ரெண்டையும் பிரம்மின்னு சொல்லி விக்கிறாங்க. ஞாபகத்துக்குன்னு மனுஷங்கள வெச்சு பண்ணின ஆராய்ச்சி அதிகம் பகோபாவுலதான், அதுவும் தினம் 300 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட், 12 வாரம்ங்கிற மாதிரி. நான் வாங்கினதுல எது எவ்ளோ மில்லிகிராம்னே தனித்தனியா போடல, அங்கயே ஒரு ஸ்டார் போச்சு.

பலன்? பேரு விஷயத்துல ஒண்ணும் இல்லீங்க. பழைய மேனேஜர் பேர வேணும்னு தேடினா வராது, ராத்திரி பல்லு வெளக்கும்போது தானா வந்து நிக்கும், கேப்சூலுக்கு முன்னாடியும் அப்படித்தான். பேருங்கிறது ஆளு மேல சும்மா ஒட்டின சத்தம்தானே, டெய்லர்னு சொன்னா மிஷின், கத்திரி, அளவெடுக்கிற டேப்புன்னு நாலு பக்கம் புடிச்சு இழுக்கலாம், முருகேசன்னு சொன்னா எதப் புடிக்கிறது? வயசானா மொதல்ல வழுக்குறது அதனாலதான் பேரு. வெறும் வயித்துல போட்டா குமட்டல் வேற, சாப்பிட்டுட்டு போட்டா பரவால்ல.

ஜின்கோ (ஒரு மரத்தோட இலைச் சாறு) கலந்திருக்குன்னு கூட காசு கேட்டா குடுக்காதீங்க, அமெரிக்காவுல 75 வயசும் அதுக்கு மேலயும் ஆன மூவாயிரத்துக்கும் மேற்பட்டவங்கள வெச்சு, பாதிப் பேருக்கு ஜின்கோவும் மீதிப் பேருக்கு வெத்து மாத்திரையும் குடுத்துப் பார்த்தும், டிமென்ஷியாவ (மறதி நோய) தடுக்கலன்னுதான் 2008ல முடிவு வந்துச்சு. மூளைக்கு கேம் ஆப்பும் அப்படித்தான், லுமோசிட்டி கம்பெனி ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணினதுக்கு 2016ல 20 லட்சம் டாலர் கட்டுச்சு.

இந்தக் காசுக்கு மொதல்ல வைட்டமின் பி12, தைராய்டு டெஸ்ட் எடுங்க. வருஷக்கணக்கா சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு பி12 குறையலாம், தூக்கம் வர வைக்கிற அலர்ஜி மாத்திரை சிலதும் மண்டைய மந்தமாக்கும். பேரு லேட்டா வந்தா விடுங்க, ஆனா கேட்ட கேள்வியவே திரும்பத் திரும்ப கேக்கிறது, தெரிஞ்ச தெருவுல வழி தவறுறது இதெல்லாம் இருந்தா கேப்சூல் வாங்கி நாள கடத்தாம டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. ஏற்கனவே வேற மாத்திரை போடுறவங்க அவர கேக்காம இதத் தொடவே வேணாம்.

வல்லாரைதான் வேணும்னா கீரைக்காரம்மாகிட்ட ஒரு கட்டு வாங்கி உளுந்து, மிளகா, புளி, தேங்கா வெச்சு துவையல் அரைங்க, சூடான சோத்துக்கு அருமையா இருக்கும். கேப்சூலுக்கு 5க்கு 2, அதுல ஒண்ணு மூடி ஈஸியா தெறக்க வருதுங்கிறதுக்காக.