நீர்த்த சிமெண்டா, கெட்டி சிமெண்டா: பிளாஸ்டிக் மாடலுக்கு எது?

இங்கே சிமெண்ட் என்பது மாடல் பாகங்களை ஒட்டும் பசை. இரண்டு வகையுமே பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை இளக்கி ஒன்றாக்குபவை; பெயிண்ட் இருந்தால் பிடிக்காது, சுரண்டிவிட வேண்டும். வேறுபாடு பூசும் முறையில்தான்.

ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் பச்சை மூடி பாட்டில்தான் நீர்த்த வகை, தண்ணீர் மாதிரி. பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் இணைப்புக் கோட்டைத் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும். சில விநாடி கழித்து அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். துடைக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் கோடே தெரியாது. கோட்டின்மேல் விரல் இருந்தால் மட்டும் ஆபத்து: சிமெண்ட் அடியில் ஓடி, கைரேகை அப்படியே பதிந்துவிடும்.

ஆரஞ்சு மூடி கெட்டியானது. பூசிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். டாங்கிச் சக்கரங்களுக்கு இதுவே வசதி. அதிகமானால் மேற்பரப்பு குழியும்.

புதுச்சேரியின் மே மாத வெக்கையில், ஃபேனுக்கு அடியில் பச்சை மூடி நொடியில் ஆவியாகும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, விமான இறக்கையை 2 செ.மீ. அளவாக ஒட்டிக்கொண்டே போங்கள். விமானக் கண்ணாடிக்கு இரண்டுமே வேண்டாம், புகைபடிந்ததுபோல் மங்கிவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும்.