வீட்டிலிருந்தே வில்லங்கம் பார்த்த கதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. பற்றவைத்த இடம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதே பாதி நாள் வேலை. போன மாதம் அதே லென்ஸ் பதிவுத்துறை இணையதளத்தின் கேப்சாவைப் படிக்கவும் உதவியது. தளத்தைக் குறை சொல்லவில்லை, ஐம்பத்தெட்டு வயசுக் கண் அப்படி. பட்டறைப் பையன் ஒரே பார்வையில் அடித்துவிட்டான்.

விஷயம் இதுதான். ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட 42 சென்ட் மானாவாரி நிலம் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், தரகர்கள் வரிசை கட்டிவிடுவார்கள். அக்காவுக்கும் எனக்கும் கூட்டுப் பட்டா. அக்கா மகன் அதை வைத்துக் கடன் கேட்கப் போனான், வங்கியில் முப்பது வருஷ வில்லங்கச் சான்று கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் சான்று அது.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் தேடியதும் மேலே வந்த ஒரு தனியார் தளத்தில் 299 ரூபாய் கட்டினேன். வந்தது பட்டா நகல் மட்டும். அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் காசில்லாமல் கிடைக்கிற அதே பட்டா! முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டியிருக்க வேண்டும். பட்டாவில் பரப்பு ‘0 - 17.00’ என்று இருந்ததும் ஒரு நிமிஷம் பகீரென்றது. அது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் நாற்பத்திரண்டு சரியாக வந்தது.

அப்புறம் டிஎன்ரெஜிநெட், அதுதான் பதிவுத்துறையின் தளம். வில்லங்கச் சான்று பார்வையிடும் பக்கத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேதி, கிராமம், புல எண், உட்பிரிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. 1975 முதல் தேடலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பார்ப்பதற்குக் கட்டணமில்லை. பட்டாவில் இருந்த எண்ணைப் போட்டேன், ஒரு பதிவும் இல்லை என்று வந்தது. வில்லங்கமே இல்லாத சொத்து என்று அக்காவுக்கு போன் போட்டுப் பெருமை அடித்தேன்.

அன்று சாயந்திரம் டீக்கடையில் பத்திரம் எழுதுகிற அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “உங்கப்பா வாங்குன பத்திரமே அதுல வரலைங்களே, அதை யோசிச்சீங்களா? புது நம்பர்ல தேடுனா பழசு எங்கிருந்துங்க வரும்?”

அது எனக்கு உறைக்கவே இல்லை. 1979-லிருந்து 1987 வரை யூடிஆர் என்று நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தினார்கள். எங்கள் ஊரில் புல எண்கள் அப்போது மாறியவை. அப்பாவின் கிரயப் பத்திரத்தில் இருப்பது பழைய எண், பட்டாவில் இருப்பது புது எண். வில்லங்கத் தேடலோ பத்திரத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பிடித்துப் போகிறது. பழைய எண் தெரியாதவர்கள் இ-சேவைத் தளத்திலேயே அ-பதிவேட்டை (கிராமத்து நில விவரப் பதிவேடு) எடுத்துப் பார்க்கலாம், பழைய புல எண்ணுக்கென்று அதில் தனிப் பத்தி உண்டு. தேடும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ‘பழைய எண்ணையும் போட்டுப் பாருங்கள்’ என்று ஒரு வரி இருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பீரோவிலிருந்த மஞ்சள் பையைப் பிரித்து, அப்பாவின் கிரயப் பத்திரத்திலிருந்த பழைய எண்ணைப் போட்டேன். மூன்று பதிவுகள் வந்தன. 1978-இல் அப்பா பெயருக்குக் கிரயம், கைமாற்றுத் தொகை, அதாவது விலை, 2,100 ரூபாய். 1984 ஜூனில் அடமானம், 1,500 ரூபாய். 1989-இல் ரசீது. அடமானத்தைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைத்தது. ரசீது என்றால் கடனைத் தீர்த்ததற்கான பதிவு என்று அண்ணன் சொன்ன பிறகுதான் டீ இறங்கியது. அந்த மூன்றாவது வரி மட்டும் இல்லாமல் போயிருந்தால், கடன் கொடுத்தவரின் வாரிசுகளைத் தேடி அலைந்திருப்பேன்.

திரையில் பார்ப்பது நமக்குத்தான், வங்கிக்குச் செல்லாது. அதே தளத்தில் கணக்குத் தொடங்கி, கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் மின் கையொப்பமும் கியூஆர் குறியீடும் உள்ள சான்று வருகிறது, அதை இறக்கிக்கொள்ளலாம். பழைய எண், புது எண் இரண்டையும் சேர்த்து, 1975-லிருந்தே கேட்டு விண்ணப்பித்தேன், வங்கி ஏற்றுக்கொண்டது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பதிவு செய்த பத்திரங்கள்தான் வில்லங்கத்தில் வரும். பதியாமல் கைப்பட எழுதிய ஒப்பந்தத்தை அதில் தேடாதீர்கள். நிலம் வாங்குகிறவர்கள் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சான்றை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நடுவில் இருந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். “ஜூன் மாசமா? எனக்கு ஆவணியிலதானடா கல்யாணம்” என்றாள். அப்பா எங்கள் இருவரிடமுமே அதைச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் தனக்கு இன்னொரு நகல் வேண்டுமென்றாள். பட்டறைக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு ரூபாய்.