ஈமேக்ஸில் தமிழ்: புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளியா, இரண்டா?

பல வருடமாகத் தமிழ்க் கட்டுரைகளை ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளில்தான் எழுதுகிறேன். முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி இருந்தாலோ வரி அங்கேயே முடிந்தாலோதான் அதை வாக்கிய முடிவு என்று ஈமேக்ஸ் ஒத்துக்கொள்ளும். நாம் பெரும்பாலும் ஒரு இடைவெளிதான் விடுகிறோம். ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்க ஆல்ட்+கே அழுத்தினால், பத்தியில் மிச்சமிருப்பது மொத்தமும் காலி.

இப்படி இரண்டு இடைவெளி கேட்கும் 'சென்டன்ஸ்-எண்ட்-டபுள்-ஸ்பேஸ்' அமைப்பை அணைத்துவிடு என்பார்கள். அணைத்துப் பார்த்தேன். 'உ. வே. சாமிநாதையர்' வந்ததும் 'உ.' ஒரு வாக்கியம், 'வே.' இன்னொரு வாக்கியம் என்று கர்சர் நின்று நின்று போனது. இனிஷியல் இல்லாத பெயரைத் தமிழ்க் கட்டுரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்! அதனால் அமைப்பைப் பழையபடியே விட்டு, நானே இரண்டு இடைவெளி விடப் பழகிக்கொண்டேன்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆல்ட்+கியூ கொடுத்துப் பத்தியை அளவான வரிகளாக மடிக்கும்போது, ஒற்றை இடைவெளி உள்ள புள்ளிக்குப் பின் ஈமேக்ஸ் வரியை உடைக்காது. இனிஷியலும் பெயரும் பிரியாமல் ஒரே வரியில் இருக்கும். ஆனால் தட்டத் தட்டத் தானாக மடிக்கும் வசதியை அணைத்துவிட்டேன். வரிக்கு 70 எழுத்திடம் என்ற வழக்கமான அகலக் கணக்கு, 'ர'வும் 'ணௌ'வும் கலந்து வரும் தமிழ் வரிக்கு ஒத்துவருவதில்லை.

இரட்டை இடைவெளி வாசகருக்குத் தெரியுமா? இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல் அதை ஒன்றாகச் சுருக்கிவிடும், அச்சுக்கோக்கும் லேடெக்ஸும் அப்படித்தான். வேர்டு மட்டும் அப்படியே காட்டும். ஆங்கிலத்தில் 2020 முதல் அதைப் பிழை என்றே குறிக்கிறது. கோப்பை அனுப்பும் முன் தேடி மாற்றிவிட்டால் போதும்.

கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் வைக்கும் நீண்ட கட்டுரைகளுக்கு இப்போது வரிக்கு ஒரு வாக்கியம். யூனிக்ஸ் இயங்குதளம் பழகுவோருக்குக் கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் 1974-இலேயே சொன்ன யோசனை இது. ஒரு சொல்லைத் திருத்தினால் அந்த வாக்கியம் மட்டுமே மாற்றமாகத் தெரியும், பத்தி முழுவதும் சிவப்பும் பச்சையுமாக வராது.

அப்புறம், எளிய குறியீடுகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனில் கவிதை எழுதுபவர்களுக்கு ஒன்று: அங்கே வரிக்கடைசியில் விடும் இரண்டு இடைவெளிதான் வரி முறிவு. சேமிக்கும்போது வரிக்கடைசி இடைவெளிகளைத் துடைக்கும் வசதி இயங்கினால், வெளியீட்டில் வரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு உரைநடையாகிவிடும். மார்க்டவுன் கோப்புகளுக்கு மட்டும் அதை அணைத்து வைத்திருக்கிறேன்.