எங்கள் சாலைக்குத் திட்டம் போட்ட குழு: ஐந்துக்கு நான்கு

சாலையை மாற்றியமைக்க வந்த இந்தக் குழுவை மனதாரப் பாராட்டுகிறேன். மழை கொட்டும்போதே குடையோடு வந்து, தண்ணீர் எங்கே எவ்வளவு தேங்குகிறது என்று சுவரில் கோடு போட்டுக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போட்ட வரைபடத்தில் பாதசாரிகள் கடக்கும் இடத்தை மேடாக்கியது அருமை. வண்டிகள் தானாக வேகம் குறைக்கும். ஆனால் அதே மேடு ஓரத்தில் ஓடும் தண்ணீரை அணை போல மறித்துவிடும். அதனால் இரண்டு ஓரத்திலும் இடைவெளி விட்டு, மேலே இரும்புச் சல்லடை வரைந்திருந்தார்கள். அம்மாவின் சக்கர நாற்காலி அதில் சிக்குமே என்றேன். சரி என்று, கம்பிகள் சக்கரத்துக்குக் குறுக்காக வரும்படி அங்கேயே திருத்தினார்கள்.

அப்புறம், வண்டித்தடத்தை 3 மீட்டராகக் குறுக்கி, மிச்ச இடத்தில் மழைநீர் இறங்கி ஊறத் தாழ்வான செடிப்பாத்தி. பாத்தியில் சேரும் வண்டலை யார் வாருவது என்று மட்டும் எழுதவில்லை. வாராவிட்டால் மண் அடைத்துக்கொள்ளும். ஒரு மதிப்பெண்ணை அதற்காகத்தான் குறைத்தேன்.